ஆளுக்கொரு சிட்டிகைப் புகை

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை கலைந்து வெங்காயத் தோல் ரோடெல்லாம் பறந்துகொண்டிருந்த சாயங்காலத்தில், எங்கள் புளியாங்காட்டூரின் புகை இனிமேல் அவரவர் புகை அவரவர் வீட்டுக்கு என்று முடிவெடுத்து, தன்னைக் கிளப்பிவிட்ட ஆளின் பின்னாலேயே நடந்து வர ஆரம்பித்தது. அதுவரைக்கும் அது யாருடைய புகையாகவும் இல்லை. மூன்று பக்கமும் குன்று மாதிரி கரடு நிற்கிற ஊர் எங்களுடையது. பனியன் கம்பெனிக்குப் போகிற பைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடப் போகிற ஸ்கூட்டரும், அடுத்த தெருவுக்குப் பால் வாங்கப் போகிற காரும் விட்ட புகையெல்லாம் குண்டாவில் ஊற்றிய கஞ்சி மாதிரி நகராமல் ஊரின் தலைக்கு மேல் கிடந்தது, எல்லாரும் இருமினோம், இருமிக்கொண்டே எல்லாரும் அடுத்தவரைத் திட்டினோம்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு ருக்குமணியக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போனார். அவருடைய புகை கேட்டருகில் நின்று, அவர் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, பின்னாலேயே போய்க் கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"ஏனம்மிணி, இதென்ன நாயாட்டம் பின்னாலயே வருது?" என்று ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்களுதுதானுங்க்கா. உங்க ஸ்கூட்டர் வாசமே அடிக்குது பாருங்க."

"என்றதுதான், இல்லைங்கல. அதுக்காக ஊட்டுக்குள்ளயா?" என்று சொல்லிவிட்டு அக்கா சோறு வடிக்கப் போய்விட்டார்.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் பெண்கள் புகையை விளக்குமாற்றால் கூட்டி, சாக்கில் அடைத்து, அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அது வழி விசாரித்துக்கொண்டு திரும்பி வந்தது. வண்டியை வேறு வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தார்கள், சாவியை வேறு ஆளிடம் கொடுத்து ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், புகை ஏமாறவில்லை. அது வண்டிக்குச் சொந்தமில்லை, பயணத்துக்குச் சொந்தம். யார் போனார்களோ அவர்களோடு வரும், இரண்டு பேர் போனால் பாதி பாதியாகப் பிரிந்து வரும். இது தெரிந்த பிறகு புருஷன் பெண்டாட்டி சண்டைகளின் தினுசே மாறிப்போனது, "உங்க தங்கச்சி ஊட்டுச் சீருக்குப் போன புகையை நான் எதுக்குங்க சொமக்கோணும்?" என்று அண்ணாந்து கேட்கிற பெண்கள் வந்தார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் முன்னால் "எதுல வந்தீங்க?" என்று கேட்கிற வழக்கம் வந்தது, கல்யாணத் தரகர் ஜாதகத்தை விரிக்கும் முன்பே பெண்ணைப் பெற்றவர்கள் "மாப்பிள்ளை ஊட்ல புகை எந்த மட்டுக்குங்க, முட்டிக்கா இடுப்புக்கா?" என்று விசாரித்தார்கள். எங்கள் ஊர்த் தர்மகர்த்தா முத்துவேலப்பன் ஐயா இரண்டு தெரு தள்ளியிருக்கிற கோயிலுக்கு வெள்ளைக் காரில்தான் போவார், தனியாகத்தான் போவார். அவர் வீட்டு மாடி முழுக்கப் புகை ஏறி, இடம் போதாமல் படியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

ஊருக்கு மேலே கிடந்தது எல்லாம் வீட்டுக்குள் போய்விட்டதால் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. கரட்டின் உச்சியில் மேய்கிற வெள்ளாட்டின் தாடிகூடத் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் வீட்டில் நிலைமை வேறு. என் வீட்டுக்காரர் குப்புராஜ் ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் டிரைவர். அந்த பஸ் விடுகிற புகை யானை உயரம் இருக்கும், ஆனால் ஏறுகிற அத்தனை பேரும் அதை ஆளுக்கொரு சிட்டிகையாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கீரைக்காரம்மாவின் சும்மாட்டில் ஒரு சிட்டிகை, பனியன் கம்பெனிப் பெண்களின் மல்லிகைப் பூவில் ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையில் ஒரு சிட்டிகை என்று இறங்கிப் போய்விடும். என் வீட்டுக்காரரோடு வருகிற சிட்டிகை சட்டைப் பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், வாசலில் நின்று உதறினால் முருங்கை மரம் அதைத் தின்றுவிடும். ஒரு சிட்டிகைப் புகையை எந்த வீடும் செரித்துவிடும், ஒரு அண்டாப் புகையைச் செரிக்க எந்த வீட்டாலும் முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு இது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? என் மகள் சஷ்டிகா, நாங்கள் பாப்பு என்று கூப்பிடுகிறவள், அப்போது இரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வீசிங். நெஞ்சுக்கூடு உள்வாங்கி உள்வாங்கி மேலே வரும், மூச்சு பழைய கதவு மாதிரி கீச்சிடும், படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன், நடந்துகொண்டே சமைப்பேன், நடந்துகொண்டே சாப்பிடுவேன். வானம் சுத்தமான பிறகு அவள் மல்லாக்கப் படுத்துத் தூங்கினாள். நான் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தேன், பழகிப்போன கால் நிற்கவில்லை.

பஸ்ஸில் போகிற வீடுகள் மட்டும் பளிச்சென்று இருப்பதை ஊர் சீக்கிரமே கவனித்துவிட்டது. கவனித்தவர்கள் என்ன செய்திருக்க வேண்டும், தாங்களும் ஏறியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை, பஸ்ஸைக் கும்பிட்டார்கள்.

முத்துவேலப்பன் ஐயாதான் ஆரம்பித்து வைத்தார். நால்ரோட்டில் பஸ் நிற்கும்போது காரிலிருந்து இறங்கி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "இத்தனை புகையையும் உள்ள வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது பாருங்க, இதுல என்னமோ எறங்கியிருக்குது" என்றார். மறுநாள் பஸ்ஸின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின. அதற்கு அடுத்த நாள் தேங்காய் உடைத்தார்கள். முதல் தேங்காயை யார் உடைப்பது என்று ஐயாவுக்கும் ரைஸ்மில் சென்னியப்பனுக்கும் தகராறு வந்தது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்கிற விஷயத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது, இப்போது பேசிக்கொள்ளாமலேயே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உடைத்தார்கள். வீட்டுக்கு ஒரு புதுத் துண்டு வாங்கி பஸ் சாமிக்குச் சாத்தினார்கள். ஜன்னல் கம்பியெல்லாம் துண்டு, கண்ணாடியெல்லாம் மாலை, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வாழைத்தார்.

சாமி என்று ஆன பிறகு சும்மா விடுவார்களா? செருப்போடு ஏறக்கூடாது என்றார்கள். கறி தின்றவர்கள் அன்றைக்கு ஏறக்கூடாது என்றார்கள். வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஏறக்கூடாது, இழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் ஏறக்கூடாது, மீன் கூடை ஏற்றக்கூடாது, கைக்குழந்தை நனைத்துவிடும் என்பதால் கைக்குழந்தைக்காரிகள் ஏறக்கூடாது. கீரைக்காரம்மா "எனக்கெதுக்கு வம்பு" என்று மகனுடைய மொபெட்டில் போக ஆரம்பித்தார். கம்பெனிப் பெண்கள் கடன் போட்டு ஸ்கூட்டி வாங்கினார்கள். கடைசியில், சாமியின் மடியில் ஏறி உட்காருவதா என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லி, யாருமே ஏறாமல் போனார்கள். எல்லாரும் பைக்கிலும் காரிலும் நால்ரோட்டுக்கு வந்து, பஸ்ஸை மூன்று சுற்றுச் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே பைக்கில் அதே காரில் கிளம்பிப் போனார்கள்.

"எங்க மாதா கோயில்லயும் செருப்பைக் கழட்டத்தான் சொல்றாங்க தங்கச்சி," என்றார் கண்டக்டர் அந்தோணிராஜ் அண்ணன், விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே. "ஆனா உள்ள வராதீங்கன்னு யாரும் சொன்னதில்ல."

ஆள் இல்லை என்பதற்காக பஸ் நிற்க முடியுமா? டிப்போவில் போட்டுக் கொடுத்த நேரப்படி அது ஓடத்தான் வேண்டும். ஓடியது. வாழைத்தாரையும் துண்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது. அதன் யானைப் புகை, பங்குக்கு ஆள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிற இரண்டு பேரோடு பாதி பாதியாக இறங்கி வந்தது.

என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தபோது அவருக்குப் பின்னால் புகை கேட்டை விட உயரமாக நின்றது. சட்டையை உதறினார், பேண்டை உதறினார், முருங்கை மரம் இரண்டு வாய் தின்றுவிட்டு இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. கூடம் நிறைந்தது. மறுநாள் அதற்கு மேல் இன்னொரு பாதி வந்து ஏறியது. அடுத்த நாள் பாப்பு எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நெஞ்சுக்கூடு உள்வாங்கியது, கதவு கீச்சிட்டது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், கூடத்தில் இடமில்லை, வாசலில் நடந்தேன், தெருவில் நடந்தேன், ஊரில் சுத்தமான காற்று எந்த மூலையில் மிச்சம் இருக்கிறதோ அந்த மூலைக்கெல்லாம் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆவி பிடிக்க வைத்துவிட்டு டாக்டரம்மா கேட்டார், "வீட்டுல யார் புகை?"

"அவங்கப்பாவோடதுங்க."

"தனியா வண்டி ஓட்டறவரா?"

"இல்லீங்க. பஸ் ஓட்டறவருங்க. தனியா."

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை வாசலுக்கு வாங்கிக்கொண்டு, உள்ளே வராமல் நின்றபடியே சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் சொன்னார், "வாணி, நான் டிப்போவுலயே இருந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்குங்க?"

"நான் இருக்கற எடத்துக்குத்தான அது வருது. நான் இல்லாட்டி பாப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல."

"அப்பா இல்லாட்டி அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஆரு சொன்னாங்க?" என்று கேட்டேன். அவர் லுங்கியும் சோப்பும் வைத்த பையை எடுத்துக்கொண்டு போனார், புகை கூடத்திலிருந்து எழுந்து, ஒரு மந்தை மாதிரி அவர் பின்னால் போனது. வீடு சுத்தமானது. பாப்புவுக்கு மூச்சு திரும்பியது. திரும்பிய மூச்சையெல்லாம் வைத்து அவள் "ப்பா ப்பா" என்று கதவைத் தட்டினாள்.

பஸ் நால்ரோட்டுக்கு வரும்போது நான் அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நிற்பேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து ஆட்டுவார், நடுவில் அவ்வளவு புகையும் நிற்கும், அவள் தாவுவாள், நான் இழுத்துப் பிடிப்பேன். இதற்கு நடுவில் டிப்போவில், ஆள் ஏறாத வண்டியை இந்த ஊருக்கு எதற்கு விடுவது, நிறுத்திவிட்டு வேறு ஊருக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்று அந்தோணிராஜ் அண்ணன் வந்து சொன்னார். பஸ்ஸோடு டிரைவரும் போவார். ஊரோ, சாமி கோபித்துக்கொண்டதால்தான் வீட்டுப் புகை குறையவில்லை என்று சொல்லி இன்னும் பெரிய மாலையாகக் கட்டிக்கொண்டிருந்தது.

சாத்திய துண்டுகளைத் துவைத்துக் கொடுப்பது டிரைவர் சம்சாரம் என்கிற முறையில் என் தலையில் விழுந்திருந்தது. வியாழக்கிழமை கொடியில் அவை காய்ந்துகொண்டிருந்தன. ஐயாவின் ஜரிகைக்கரைத் துண்டு, சென்னியப்பன் மாமாவின் தவிட்டு வாசம் போகாத துண்டு, ருக்குமணியக்காவின் பச்சைக்கரை ஈரிழைத் துண்டு. நான் பாப்புவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொடிக்கும் இந்தக் கொடிக்குமாக நடந்தேன். நடந்துகொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியாவது பூதமாவது, துண்டு என்பது எதற்கு என்று இந்த ஊருக்கு மறந்தா போயிருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை, பூசைக்குக் கூட்டம் சேருகிற நேரத்தில், செருப்பைக் கழற்றாமல், பாப்பு இடுப்பில், துண்டு மூட்டை தலையில், பஸ்ஸில் ஏறினேன்.

"செருப்போட ஏறுறா பாருங்க! டிரைவர் சம்சாரமே இப்படிப் பண்ணுனா?" என்று கீழே ருக்குமணியக்கா கத்தினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு துண்டாக விரித்துக்கொண்டே போனேன். முன்பக்கம் ஜன்னலோரம் சென்னியப்பன் மாமாவின் துண்டு. கடைசி வரிசை, சக்கரத்துக்கு மேலே, தூக்கித் தூக்கிப் போடுகிற இடத்தில் தர்மகர்த்தா ஐயாவின் துண்டு. ருக்குமணியக்காவின் துண்டு வெயில் அடிக்கிற பக்கம். போட்டு முடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"ஐயா, உங்க சீட்டு ரெடிங்க."

"என்ற சீட்டா? என்ன சீட்டு?"

"துண்டு போட்டு வச்சிருக்கனுங்க. கடைசியில, சக்கரத்துக்கு மேலாப்பல."

ஐயா எட்டிப் பார்த்தார். "முன்னாடி ஜன்னலோரம் கெடக்கறது ஆரு துண்டு?"

"சென்னியப்பன் மாமாவோடதுங்க."

கூட்டத்தில் நின்ற சென்னியப்பன் மாமா இதைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு, விறுவிறுவென்று ஏறி, தன் துண்டின் மேல் உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார், "காத்து நல்லாத்தான் வருது."

அவ்வளவுதான். ஐயா கற்பூரத் தட்டைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு ஏறினார்.

"எந்திரி," என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் சென்னியப்பனிடம் பேசிய முதல் சொல் அதுதான்.

"துண்டு போட்ட சீட்டுல உக்காந்திருக்கறவனை எந்திரின்னு சொல்ற ஊரு எதுங்க?" என்றார் சென்னியப்பன் மாமா, கரட்டைப் பார்த்துக்கொண்டு.

கீழேயிருந்து ருக்குமணியக்காவின் குரல், "அம்மிணி, என்ற துண்டை எங்க போட்டிருக்கே?"

"வெயில் பக்கமுங்க்கா!"

"ஏன், நான் என்ன வடகமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். அவருக்குப் பின்னால் எல்லாரும் ஏறினார்கள். எது என் துண்டு, யார் நகர்த்தினது, இது நான் முதலில் போட்டது, பிள்ளையை மடியில் வைத்துக்கொள், பையைக் கீழே வை, நகர்ந்து உட்கார் என்று ஒரே கூச்சல். துண்டு சாத்தாதவர்கள் கைக்குட்டையை ஜன்னல் வழியாக வீசினார்கள், குடையை வீசினார்கள், ஒருவர் தன் மகனையே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி இடம் போட்டார். வாழைத்தார் நசுங்கியது. எங்கே போகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, துண்டு போட்ட சீட்டைவிட்டு இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அந்தோணிராஜ் அண்ணன் வெகுநாளாகச் சொல்லாத சொல்லைச் சொன்னார், சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். என் வீட்டுக்காரர் கியரைப் போட்டார்.

வழியெல்லாம் நான் பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸின் பின்னால் வந்த யானை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இளைத்தது. அரிசிக்கடை ஸ்டாப்பில் காது போனது, பள்ளிக்கூட ஸ்டாப்பில் தும்பிக்கை போனது. கோயில் ஸ்டாப்பில் ஐயா இறங்கினார். அவருடைய சிட்டிகை அவர் மீசையில் உட்கார்ந்தது. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, மீசையைத் துடைத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"நாளைக்கு அந்த முன்சீட்டு என்றது. இப்பவே சொல்லிப்போட்டேன்!"

டிப்போவில் நின்ற மந்தை கரைய நாளாயிற்று. கரைந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் லுங்கிப் பையோடு வந்து, வாசலில் நின்று சட்டையை உதறிவிட்டு, உள்ளே கால் வைக்கத் தயங்கினார். பாப்பு அவரை யாரோ மாதிரி பார்த்தாள், பிறகு காலைக் கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள்.

ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பாதிப் பேர் இன்னமும் பைக்கில்தான் போகிறார்கள், கட்டிலுக்கடியில் புகையோடுதான் படுக்கிறார்கள். முன்சீட்டுச் சண்டை அலுத்துப்போனால் என்ன ஆகும், கூட்டம் குறைந்தால் என்ன ஆகும் என்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் தினமும் நானே ஏறினேன். போகவேண்டிய இடம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் ஏறினால் ஒரு பங்கு கூடும், ஒவ்வொருத்தர் சிட்டிகையும் ஒரு துளி குறையும், மடிக்குழந்தைக்கு டிக்கெட்டும் இல்லை புகையும் இல்லை. பாப்புவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று, வெங்காயம் உரித்துக்கொண்டு ஒரு சுற்று. காலியாக ஒரு சீட் தெரிந்தால் ரோட்டில் போகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினேன்.

தைப்பூசத்துக்கு முந்தின சந்தையன்று நால்ரோட்டில் பஸ் வந்து நின்றபோது படியில் காலை வைக்க இடமில்லை. ஒரு காலை வைத்துவிட்டேன், இன்னொரு கால் ரோட்டிலேயே இருந்தது.

"எடமில்ல தங்கச்சி, எறங்கிக்கோ," என்றார் அந்தோணிராஜ் அண்ணன்.

"என்ற ஊட்டுக்காரரு வண்டிங்கண்ணா!"

"ஆரு வண்டியா இருந்தா என்ன, எடம் வேணுமில்ல? கைப்புள்ளைய வச்சுக்கிட்டுப் படியில நிக்கக்கூடாது. எறங்கு, எறங்கு."

இறங்கினேன். "அடுத்த நடைக்கு வா அம்மிணி!" என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ருக்குமணியக்கா பல்லைக் காட்டினார். விசில் அடித்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு பஸ் கிளம்பியது. அப்பா தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்த பாப்பு வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து எடுத்து, நடுவில் எங்கேயும் உடையாமல், கீச்சென்று ஒரு சத்தம் கலக்காமல், பஸ் ரைஸ்மில் முக்கைத் தாண்டித் திரும்புகிறவரைக்கும் ஒரே மூச்சாக, நால்ரோடு மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, நடக்காமல், அப்படியே நின்ற இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புள்ளைய இப்படி அழ உட்டுப்போட்டுச் சிரிச்சுக்கிட்டு நிக்கறயே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார் டீக்கடைக்காரர்.

"சித்த நேரம் அழட்டுமுங்க," என்றேன்.